தேரும் மண்டபமும்: நியூயார்க்கில் இரண்டு சபைகளின் வழி

1980களின் தொடக்கத்தில், நியூயார்க்கின் கிழக்கு புரூக்ளின் பகுதியில், கிறிஸ்தவச் சபைகளைச் சேர்ந்த சிலர் கையில் தாளும் பேனாவுமாக வட்டார சூப்பர் மார்க்கெட்டுகளுக்குள் நுழைந்தார்கள். நாள்பட்ட இறைச்சி, அழுகிய காய்கறி, ஏமாற்றும் தராசு, கூடுதலாகப் போட்ட பில் என்று கண்டதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். பிறகு கடைக்காரர்களை அழைத்து உட்காரவைத்து, எல்லாவற்றையும் சரிசெய்கிறோம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து, 1999இல், மன்ஹாட்டனின் வடபகுதியில் 125ஆம் தெருவில் பாத்மார்க் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பல ஆண்டுகளாகப் பெரிய கடைகள் எட்டிப்பார்க்காத பகுதி அது. கடை வருவதற்கு முன்னின்று உழைத்து, அந்த இடத்தில் பங்குரிமையும் வைத்திருந்தது ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் சபை உருவாக்கிய மேம்பாட்டுக் கழகம்.

ஓரிடத்தில் சபையார் கடையைக் கேள்வி கேட்டார்கள். மற்றோரிடத்தில் சபையே கடையைக் கொண்டுவந்தது. இரண்டுமே கறுப்பின ஏழைகள் மிகுந்த பகுதிகள். இரண்டிலும் முன்நின்றவர்கள் போதகர்கள். நகரமும் ஒன்று. ஆனாலும் ஒன்று ஊர் கூடி இழுத்த தேர், மற்றது ஒரு சன்னிதி எழுப்பிய மண்டபம். சமய அமைப்புகள் நகரப் பகுதிகளை மீட்க முடியுமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, இந்த இரண்டில் எது எதைச் செய்தது, எது எங்கே நின்றுபோனது என்று பார்ப்பது பயன் தரும்.

ஒரே நோய்

1930களில் அமெரிக்காவின் வீட்டுக்கடன் அமைப்புகள் நகர வரைபடங்களில் கறுப்பினத்தார் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசின. சிவப்புக்குள் அகப்பட்ட தெருவில் வீடு வாங்கவோ பழுதுபார்க்கவோ கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடன் இல்லாத வீடு சிதைந்தது. வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். வாடகையால் இனி லாபமில்லை என்று கண்ட உரிமையாளர்கள் கட்டடத்தைக் கைவிட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காக வைத்த தீயில் எரிந்த கட்டடங்களும் உண்டு.

1975இல் நியூயார்க் நகராட்சி திவாலின் விளிம்புக்கு வந்தது. செலவைக் குறைக்கத் தீயணைப்பு நிலையங்களைக்கூட மூடினார்கள். நகரின் வீட்டுவசதித் துறைக்குத் தலைமை தாங்கிய ராஜர் ஸ்டார் 1976இல் ஒரு யோசனையை வெளிப்படையாகவே முன்வைத்தார்: தேய்ந்துபோன பகுதிகளுக்குச் சேவைகளைக் குறைத்து, மக்களை வேறிடம் நகரவிட்டு, அப்பகுதிகளைச் சுருக்கிவிடலாம். பிழைக்காது என்று தெரிந்த கிளையை வெட்டுவதுபோல.

வங்கியும் அரசும் கடைகளும் விலகிய பிறகு, இந்தத் தெருக்களில் கதவைத் திறந்து வைத்திருந்தவை பெரும்பாலும் சபைகள்தான். அவற்றிடம் ஞாயிறுதோறும் கூடும் மக்கள் இருந்தார்கள். கூட்டம் நடத்த இடம் இருந்தது. தட்டில் விழும் காசு சிறியதானாலும் வாரம் தவறாமல் விழுந்தது. மற்ற எல்லாரும் போய்விட்ட இடத்தில் இவை எஞ்சி நின்றதே இவற்றின் முதல் பலம்.

கூடி இழுத்த தேர்

புரூக்ளினின் பிரௌன்ஸ்வில், ஈஸ்ட் நியூயார்க் பகுதிகள் ஒருகாலத்தில் யூதத் தொழிலாளர்களின் குடியிருப்பு. 1970களின் முடிவில் அவர்களுடைய பழைய ஜெபாலயங்கள் சில கறுப்பினச் சபைகளின் ஆலயங்களாக மாறியிருந்தன. சுற்றிலும் காலி மனைகள், எரிந்த கூடுகள்.

இந்தப் பகுதியின் கத்தோலிக்க, பாப்டிஸ்ட், லூத்தரன் சபைகள் சில சேர்ந்து 1980 வாக்கில் 'கிழக்கு புரூக்ளின் சபைகள்' என்ற கூட்டமைப்பாயின. அவற்றுக்குப் பயிற்சி அளித்தது சால் அலின்ஸ்கி 1940இல் சிகாகோவில் நிறுவிய தொழிற்பகுதி அறக்கட்டளை. அலின்ஸ்கி யூதர், சமயப்பற்று மிகுந்தவரும் அல்லர். ஆனால் தொழிலாளர் பகுதிகளில் மக்களை ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது சபை என்பதை அவர் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார். அவருடைய அமைப்பாளர்களின் தலையான விதி, அவரவர் செய்துகொள்ளக் கூடியதை அவர்களுக்காக நீ செய்துவிடாதே என்பது. கூட்டமைப்பின் செலவை உறுப்புச் சபைகளின் சந்தா தாங்கவேண்டும், அமைப்பு நடத்த அரசுப் பணம் தொடக்கூடாது என்பதும் அந்த மரபு.

முதல் வேலைகள் சிறியவை. காணாமல்போன தெருப் பெயர்ப்பலகைகளைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் பலகைகள் வந்தன. பாழடைந்த கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். சூப்பர் மார்க்கெட் சோதனை நடந்ததும் அப்போதுதான். பெயர்ப்பலகை பெரிய விஷயமா என்று தோன்றலாம். பெயரில்லாத தெருவுக்கு ஆம்புலன்ஸ் எப்படி வந்து சேரும்? அதைவிட முக்கியம், கேட்டால் கிடைக்கும் என்று அந்த மக்கள் முதன்முறையாகக் கண்டதுதான். பெரிய கோரிக்கைக்கு அது ஒத்திகை.

பெரிய கோரிக்கை வீடு. ஐ. டி. ராபின்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டுநர் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் பத்தி எழுதிவந்தார். அடுக்குமாடி வாடகை வீடுகளைக் கட்டி அழிந்துபோகவிட்டது போதும், சொந்தமாக வாங்கக்கூடிய சிறு வீடுகளைப் பெரிய அளவில் கட்டுங்கள் என்பது அவர் வாதம். இடிபாடுகளுக்கு நடுவே பத்து வீடு கட்டினால் இடிபாடு அவற்றை விழுங்கிவிடும், தெருத்தெருவாகக் கட்டினால் வீடுகள் இடிபாட்டை விழுங்கும் என்று அவர் கணக்குப் போட்டார். சபைகள் அவரைக் கூட்டிக்கொண்டன. இலக்கு 5,000 வீடுகள்.

திட்டத்துக்கு 'நெகேமியா' என்று பெயர் வைத்தார்கள். பாரசீக அரசனின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியா, இடிந்துகிடந்த எருசலேமின் மதிலை மீண்டும் எழுப்பிய கதை விவிலியத்தில் உண்டு. அதில் ஒரு நுட்பம். பலர் மதிலில் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். இந்தத் திட்டத்தின் உட்பொருள் அந்த ஒரு செய்தியில் அடங்கிவிடுகிறது.

பணம் திரட்டிய விதம் கவனிக்கத்தக்கது. கத்தோலிக்க மறைமாவட்டமும் லூத்தரன், எப்பிஸ்கோப்பல் திருச்சபைகளும் வட்டியில்லாக் கடன் தந்தன. அது சுழல்நிதி. ஒரு வரிசை வீடு கட்டி விற்றதும் பணம் திரும்பி வரும், அடுத்த வரிசைக்குப் போகும். புரூக்ளின் ஆயர் பிரான்சிஸ் முகவேரோ மேயர் எட் கோச்சிடம் நேரில் போய்ப் பேசினார். நகரம் காலி மனைகளைக் கொடுத்தது. சொத்து வரியில் சலுகை தந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் 10,000 டாலர் வட்டியில்லாக் கடனும் தந்தது. வீட்டை விற்கும்போது அதைத் திருப்பினால் போதும். மாநில அரசு குறைந்த வட்டியில் வீட்டுக்கடனுக்கு வழிசெய்தது.

1982இல் அடிக்கல். சில ஆண்டுகளில் பதினெட்டு அடி அகலச் செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. கட்டச் சுமார் 50,000 டாலர் ஆன வீடு, நகரத்தின் 10,000 கழிந்து வாங்குபவர் கைக்கு வந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை, அலுவலகம், போக்குவரத்து போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்கள். கணிசமானோர் அரசு வாடகைக் குடியிருப்பிலிருந்து வந்ததால், அவர்கள் காலிசெய்த வீடுகள் இன்னும் ஏழைகளுக்குக் கிடைத்தன. இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பின்னர் ஸ்பிரிங் கிரீக் என்னும் பகுதியில், புரூக்ளின் கப்பல்தளத் தொழிற்பேட்டையில் பெட்டி பெட்டியாகத் தயாரித்துக் கொண்டுவந்து பொருத்திய வீடுகளோடு பணி தொடர்ந்தது.

ஒரு சன்னிதி எழுப்பிய மண்டபம்

ஹார்லெமின் அபிசீனியன் சபை 1808இல் பிறந்தது. நியூயார்க்கின் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் கறுப்பினத்தாரைத் தனியே ஒதுக்கி உட்காரவைத்ததை ஏற்காமல் வெளியேறியவர்கள் தொடங்கிய சபை. 138ஆம் தெருவில் உள்ள அதன் ஆலயம் 1923இல் கட்டிமுடிந்தது. போதகர் ஆடம் கிளேட்டன் பவல் காலத்தில் அது நாட்டின் பெரிய கறுப்பினச் சபைகளுள் ஒன்றாயிற்று. அதே பெயர் கொண்ட அவருடைய மகன் 1930களில், எங்களுக்கு வேலை தராத கடையில் நாங்கள் வாங்கமாட்டோம் என்ற போராட்டத்தில் முன்னின்றவர். 1944இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பிரசங்க மேடைக்கும் அரசியல் மேடைக்கும் அங்கே நெடுங்கால உறவு.

1989இல் போதகரான கால்வின் பட்ஸ் இந்த மரபில் வந்தவர். ஹார்லெமின் சுவர்களில் மது, சிகரெட் விளம்பரங்களுக்கு மேல் வெள்ளையடிக்க ஆட்களோடு இறங்கியவர். அதே 1989இல் சபையின் மேம்பாட்டுக் கழகம் உருவானது. அரசையும் சமயத்தையும் பிரித்துவைக்கும் அமெரிக்க அமைப்பில், சபைகள் பொதுப்பணம் பெற்றுப் பொதுப்பணி செய்யத் தனி நிறுவனம் அமைப்பது வழக்கம். வரிபாக்கிக்காக ஹார்லெமில் ஏராளமான கட்டடங்கள் அப்போது நகரத்தின் கையில் கிடந்தன. 1986இல் கோச் அறிவித்த, சுமார் 500 கோடி டாலர் மதிப்பிலான பத்தாண்டு வீட்டுத் திட்டம் அவற்றைச் செப்பனிட வழிதிறந்தது. கழகம் அந்த வழியில் நடந்தது.

அதன் பணிகளின் விரிவு வியக்கவைப்பது. பழைய கட்டடங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. முதியோருக்குக் குடியிருப்பு கட்டியது. வீடிழந்த குடும்பங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் நடத்தியது. 1993இல் தர்குட் மார்ஷல் பெயரில் பள்ளி தொடங்கத் துணைநின்றது. 2004இல் அப்பள்ளி சொந்தக் கட்டடத்துக்குப் போனபோது, ஐம்பது ஆண்டுகளில் ஹார்லெமில் எழுந்த முதல் புதிய உயர்நிலைப்பள்ளிக் கட்டடம் அதுதான் என்று பேசப்பட்டது. பாத்மார்க்கை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். தங்கள் பிழைப்பு போகும் என்று அஞ்சிய சிறுகடைக்காரர்கள். கிழக்கு ஹார்லெமின் ஓர் அமைப்பைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு கழகம் அந்தத் தடையைக் கடந்தது.

இத்தனையையும் புரூக்ளின் கூட்டமைப்பு செய்யவில்லை. அதுவும் இரண்டு உயர்நிலைப்பள்ளிகள் பிறக்கக் காரணமாயிருந்தது உண்மை. ஆனால் முதியோரையோ வீடிழந்தவரையோ தன் கட்டடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதன்மையாக ஏற்கவில்லை.

அருகருகே வைத்தால்

முதல் வேறுபாடு, யார் உடைமையாளர் என்பது. புரூக்ளினில் சபைகள் கட்டியதைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. வீடு முடிந்த மறுநாள் அது ஒரு குடும்பத்தின் பெயரில் இருந்தது. ஹார்லெமில் கழகமே உடைமையாளர், வீட்டுக்காரர், பங்காளி, நிர்வாகி. வாடகை வசூலிப்பதும் கூரை ஒழுகினால் அடைப்பதும் கடன் தவணை கட்டுவதும் அதன் பொறுப்பு.

இரண்டாவது, அரசோடு உறவு. புரூக்ளின் கூட்டமைப்பு அரசிடம் மனையும் கடனும் கேட்டு வாங்கியது. தன்னை நடத்த வாங்கவில்லை. ஆகவே மேயரோடு கைகுலுக்கிய மறுவாரமே அவர் எதிரில் ஆயிரம் பேரை நிறுத்த முடிந்தது. ஹார்லெம் கழகத்தின் மூச்சே அரசு ஒப்பந்தங்களிலும் மானியங்களிலும் வரிச்சலுகை முதலீடுகளிலும் இருந்தது. அப்படிப்பட்ட அமைப்புக்கு ஆட்சியாளர்களோடு இணக்கம் ஒரு தொழில்தேவை. 1996இன் சமூகநலச் சட்டமும் 2001இல் வெள்ளை மாளிகையில் தொடங்கிய சமய அமைப்புகளுக்கான அலுவலகமும் இந்த இரண்டாம் வழியைத்தான் நாடெங்கும் ஊக்குவித்தன. சபையைச் சேவை வழங்குநராகக் காண்பது அரசுக்கு எளிது. கேள்வி கேட்கும் கூட்டமாகக் காண்பது அவ்வளவு எளிதல்ல.

மூன்றாவது, யாருக்கு உதவியது என்பது. இங்கே தராசு ஹார்லெம் பக்கம் தாழ்கிறது. நெகேமியா வீட்டுக்கு முன்பணமும் நிலையான சம்பளமும் வேண்டும். இரண்டும் இல்லாத பரம ஏழை அதன் வாசலுக்கு வரமுடியாது. மாநகரின் நடுவே புறநகர்போல ஒற்றைக்குடும்ப வீடுகளை வரிசைகட்டி நிறுத்தியது நிலத்தை வீணாக்கியது, ஒரே அச்சில் வார்த்ததுபோல் அலுப்பூட்டுகிறது என்ற குறைகளையும் ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்கு ஏங்கும் நகரில் அதே மனையில் அடுக்குகள் எழுப்பியிருந்தால் இன்னும் பல குடும்பங்கள் நுழைந்திருக்கும்.

நான்காவது, சபையின் உள்ளே என்ன நடந்தது என்பது. புரூக்ளினில் சபை உறுப்பினர் கூட்டத்துக்கு வந்தார், ஆள் சேர்த்தார், அதிகாரியிடம் பேசினார். வீடு கட்டும்போதே குடிமக்களும் உருவானார்கள். ஹார்லெமில் திறமையான அலுவலர்கள் பணியை நடத்தினார்கள். மக்கள் பயனாளிகளாக வந்தார்கள். சேவை நன்றாக இருக்கும்வரை இந்த வேறுபாடு கண்ணில் படாது.

நிலத்தின் விலை ஏறியபோது

கண்ணில் பட்டது 2000களில். ஹார்லெமில் நிலம் தங்கமாயிற்று. 2008இல் நகரம் 125ஆம் தெருவின் நிலப்பயன்பாட்டு விதிகளை மாற்றி உயரமான கட்டடங்களுக்கு இடம்தந்தது. அதே ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் மானியமும் முதலீடும் வறண்டன. கையில் சொத்து மிகுதி, பையில் பணம் குறைவு. எந்த உடைமையாளரும் அப்போது செய்வதைத்தான் கழகமும் செய்தது. விற்றது.

ஆலயம் இருக்கும் அதே 138ஆம் தெருவின் முனையில் ரினைசான்ஸ் நடன அரங்கம் இருந்தது. 1920களில் கறுப்பினத்தாரின் உடைமையாக எழுந்தது அது. 1939இல் தொழில்முறைக் கூடைப்பந்தின் உலகப் போட்டியை வென்ற ஹார்லெம் ரென்ஸ் அணி விளையாடிய கூடமும் அதுவே. 1991இல் கழகம் அதை வாங்கியது. அதை நினைவுச்சின்னமாக அறிவிக்கும் யோசனை எழுந்தபோது, புதிதாகக் கட்ட முடியாமல் போகும் என்று கழகமே எதிர்த்தது. பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்த அரங்கம் 2014இல் 1.5 கோடி டாலருக்கு ஒரு கட்டுநிறுவனத்துக்குப் போனது. மறு ஆண்டு இடிந்தது. பாத்மார்க் இருந்த மனையும் 2014இல் சுமார் 3.9 கோடி டாலருக்கு இன்னொரு பெருநிறுவனத்திடம் போனது. 2015இல் கடையின் தாய் நிறுவனம் திவாலாக, கடை மூடியது.

2008இன் நிதி நெருக்கடி புரூக்ளினையும் தாக்கியது. ஈஸ்ட் நியூயார்க்கில் வீட்டுக்கடன் கட்டமுடியாமல் ஏராளமானோர் வீடிழந்தார்கள். நெகேமியா வீடுகளில் அப்படிப் போனவை மிகச் சில. எளிய கடன், நேர்மையான விலை, சபை வழியாக முன்னமே பழகிய அக்கம்பக்கம் என்ற மூன்றும் தாங்கின. அங்கே வீட்டு விலை ஏறியபோது, ஏறியது அந்தக் குடும்பங்களின் சொத்து.

இதை வைத்து ஹார்லெம் போதகர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. பிரௌன்ஸ்வில்லில் எரிந்த மனை ஏக்கர் கணக்கில் வெறுமையாய்க் கிடந்தது, யாரும் அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. ஹார்லெமில் கட்டடங்கள் நின்றன, உள்ளே மக்கள் இருந்தார்கள், மன்ஹாட்டன் என்ற பெயரே விலையை ஏற்றக் காத்திருந்தது. செங்கல் வரிசை வீடுகளை அங்கே கொண்டுபோய் வைக்க இடமில்லை. புரூக்ளினுக்கும் இப்போது அந்த அலை வந்துவிட்டது. 2016இல் ஈஸ்ட் நியூயார்க்கின் நில விதிகளையும் நகரம் மாற்றியது. விலை ஏறினால் சொந்த வீட்டுக்காரர் காப்பாற்றப்படுவார். பக்கத்து வாடகைக்காரருக்கு நெகேமியாவிடம் நேரடி விடை இல்லை.

ஆகவே இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், பரம ஏழைக்கும் முதியோருக்கும் கூரை தர மண்டபம் வேண்டும்தான். அதைக் கட்டுகிற சபை, கணக்கையும் கதவையும் அதன் நிழலில் வாழ்பவர்களிடம் பகிர்ந்துகொள்ளாவிட்டால், கடன்காரன் வரும் நாளில் அது வெறும் சொத்து ஆகிவிடுகிறது. தேர் இழுப்பது மெதுவான வேலை. வடம் பிடிக்க ஆள் சேர்க்கவே பாதிக்காலம் போகும். ஆனால் வடம் பிடித்த கைகள் அந்தத் தெருவிலேயே தங்கிவிடுகின்றன.

பாத்மார்க் மூடிய பிறகு அந்தப் பகுதி முதியவர்கள் மளிகைக்குத் தொலைவு போகவேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுக்குப் பின், 2017இல், அதே 125ஆம் தெருவில் சற்று மேற்கே ஹோல் ஃபுட்ஸ் திறந்தது. புதிதாய்க் குடியேறிய வசதியானவர்களுக்கு அது பொருந்தியது. பழைய கடையின் மனை ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது. பதினாறு ஆண்டு அங்கே கூடை தூக்கியவர்களுக்கு, அந்த மனை கைமாறிய நாளில் கையெழுத்திடவோ மறுக்கவோ ஓர் இடம் இருக்கவில்லை. புரூக்ளினில் தாளும் பேனாவுமாகக் கடைக்குள் நுழைந்தவர்கள் முதலில் தேடிக்கொண்டது அந்த இடத்தைத்தான்.